எந்த மாயாவி முதல் மாயாவி?
காமிக்ஸ் வாசிப்பின் வரிசை குறித்துச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு ஆவணியில் என் தாய்மாமா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை பரணிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கச் சொன்னார். "இத என்ன பண்றதுன்னு நீயே பாரு தம்பி. இந்த வீட்ல இதப் படிச்சது அவருக்கப்புறம் நீதான்" என்றார். சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெட்டிக்குள் இருந்தவை காமிக்ஸ் புத்தகங்கள். முத்து, லயன், ராணி, கொஞ்சம் இந்திரஜால். எண்ணிப் பார்த்தேன், 131 இருந்தன.

ஊரில் பையன்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். மூன்று தட்டு அலமாரி ஒன்றைக் காலி செய்து தருகிறோம் என்றார்கள். "அண்ணே, நீங்களே வரிசையா அடுக்கிக் குடுத்திருங்க. சின்னப் பசங்க எதுல ஆரம்பிக்கணும்னு தெரிய வேணாமா?" கேள்வி எளிமையானதாகத்தான் பட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் புத்தகம் அடுக்கத் தெரியாதா? உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இது அடுக்குகிற வேலையல்ல, வரலாறு எழுதுகிற வேலை என்று விளங்கியது. முப்பது நாற்பது வருஷம் ஓடிய ஒரு நாயகனின் கதைகளை எங்கே தொடங்குவது? முதலில் எழுதப்பட்டதிலிருந்தா, நாயகனின் வாழ்வில் முதலில் நடந்ததிலிருந்தா, நம் மொழியில் முதலில் வந்ததிலிருந்தா? மூன்றும் மூன்று வெவ்வேறு புத்தகங்களைக் கையில் கொடுக்கின்றன.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வந்தது. நிறுவியவர் மு. சௌந்தரபாண்டியன். முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்த ஊர் அது. விடிவதற்குள் வேன் வந்து சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைத் தீப்பெட்டிக்கு அள்ளிக்கொண்டு போன ஊரும் அதுதான். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது நாடு முழுக்கப் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று. குழந்தைகளுக்கான தமிழ் காமிக்ஸின் தலைநகரமும் குழந்தை உழைப்பின் தலைநகரமும் ஒரே ஊராக இருந்தது பற்றி நம் வெகுசன வாசிப்பு ஆய்வுகள் ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கே மாயாவிக்கு வருவோம்.

இரும்புக்கை மாயாவி பிறந்தது லண்டனில். 'வேலியண்ட்' என்கிற வார இதழில், 1962 அக்டோபரில். எழுதத் தொடங்கியவர் கென் புல்மர், பின்பு டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயி கிராண்டல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்தவன், அந்த இடத்தில் எஃகுக் கை. இன்னொரு ஆய்வகவிபத்தில் மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்துபோகிறது, இரும்புக்கை மட்டும் தெரிகிறது. இது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் மூலத்தில் இவன் அறிமுகமாவது நல்லவனாக அல்ல. மறையும் சக்தி கிடைத்ததும் திருடுகிறான், நகரத்தையே மிரட்டுகிறான். அப்புறம் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜென்ட் ஆகிறான். 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் கிளப்பிய காய்ச்சலில், இவனுக்கும் ஒரு சூப்பர் ஹீரோ உடுப்பு மாட்டிவிட்டார்கள். பிறகு அதையும் கழற்றினார்கள். ஆக ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று ஆட்கள்.

இந்த மாற்றங்கள் கிராண்டலின் மனத்தில் நடந்தவை என்று நம்பிப் படிக்கிறோம். நடந்ததெல்லாம் பத்திரிகை அலுவலகத்தில். வில்லன் விற்கும்வரை வில்லன், உளவாளிக் கதை விற்கத் தொடங்கியதும் உளவாளி. மூல வரிசையில் படித்தால் கிடைப்பது ஒரு மனிதனின் வளர்ச்சிக் கதை என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கு அது பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைச் சந்தையின் பத்தாண்டு வரலாறாகத்தான் படுகிறது. அதிலொன்றும் தப்பில்லை. சந்தையின் வரலாறும் வரலாறுதான்.

தமிழுக்கு வரும்போது இன்னொரு குளறுபடி சேர்ந்துகொள்கிறது. வாரம் இரண்டு மூன்று பக்கமாக இழுத்த தொடர்கதைகள் ஒருபக்கம். 1967 வாக்கில் ஃப்ளீட்வே நிறுவனம் கைக்கு அடக்கமான சிறு புத்தகங்களாக வெளியிட்ட முழுக்கதைகள் இன்னொருபக்கம். அந்தச் சிறு புத்தக வரிசையில் மாயாவியும் ஸ்பைடரும் மாறிமாறி வந்தார்கள். ஒரே இதழில் தொடங்கி அதே இதழில் முடிகிற கதை தமிழ்ப் பதிப்பாளருக்கு வசதி. வாசகனுக்கும் வசதி, ஏனென்றால் அடுத்த மாதம் அவன் கையில் காசு இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்? 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'கொரில்லா சாம்ராஜ்யம்' என்று எங்கள் பக்கம் கைமாறிய மாயாவி கதைகளை எந்த வரிசையில் எடுத்தாலும் படிக்க முடிந்தது. முன்கதை தெரியாவிட்டால் மோசம்போகாத கதைகள் அவை.

வேதாளரிடம் அப்படித் தப்பிக்க முடியாது. லீ ஃபாக் 1936-இல் தொடங்கிய அமெரிக்க நாளிதழ்த் தொடர் அது. முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் இருபத்தோராம் தலைமுறை. கதைப்படி வம்சம் 1536-இல் தொடங்குகிறது. தந்தை இறந்தால் மகன் முகமூடி அணிகிறான், வெளியுலகத்துக்குச் சாகாத ஒரே மனிதன். தொடரின் பூகோளத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் ஆசியக் கடல் பக்கம் ஏதோ ஓர் இடம், பெயர் வங்காளத்தை ஒத்தது. போகப்போக அது ஆப்பிரிக்காவாக நகர்ந்துவிடுகிறது. முதல் கதையின் கடற்கொள்ளையர்களுக்கு 'சிங்' என்று பெயர். 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது இதெல்லாம் நம்மவர்களைப் புண்படுத்தும் என்று நாட்டின் பெயரை டென்காலி ஆக்கினார்கள், சிங் கொள்ளையர் 'சிங்கா' ஆனார்கள். பெயர் மாறியதே தவிர, காட்டு மக்களெல்லாம் ஒரு வெள்ளைக்காரரின் சிம்மாசனத்துக்கு முன் கைகட்டி நிற்கும் ஏற்பாடு மாறவில்லை.

வரிசை என்பது இங்கேதான் அரசியல் ஆகிறது. 1960-களில் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றபோது லீ ஃபாக்கின் கற்பனை நாடும் மாறியது. லமாண்டா லுவாகா என்றொரு கறுப்பு மருத்துவர் ஜனாதிபதியாக வருகிறார். தொடரை எழுதப்பட்ட வரிசையில் படிக்கிற ஒருவனுக்கு, காலனிய ஆட்சி போய்ச் சுதந்திர நாடு வருவது கண்ணுக்குத் தெரியும். வேதாளரின் அதிகாரம் சங்கடத்துக்குரியதாக மாறுவதும், அந்தச் சங்கடத்தை எழுத்தாளர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் தெரியும். எங்களுக்குக் கிடைத்ததோ கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு. 1950-களின் கதைக்குப் பக்கத்தில் 1970-களின் கதை. ஒரு மாதம் ஜனாதிபதி இருப்பார், அடுத்த மாதம் இருக்க மாட்டார். 1977-இல் டயானாவோடு கல்யாணம் முடிந்து, 1979-இல் இரட்டைக் குழந்தைகளும் பிறந்துவிட்ட மனுசன், அடுத்த இதழில் மறுபடி ஒண்டிக்கட்டையாய் நிற்பார். எங்கள் தெருவில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. "இது அவங்க அப்பாடா." இருபத்தொரு தலைமுறை இருக்கிறதே, எந்த முரணையும் ஒரு தலைமுறை தள்ளி வைத்துவிடலாம்.

நாங்கள் கண்டுபிடித்த இந்தத் தந்திரத்தைத்தான் அமெரிக்க நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் செய்தன. 1938-இல் தொடங்கிய சூப்பர்மேனுக்கும் 1939-இல் தொடங்கிய பேட்மேனுக்கும் ஐம்பது வருஷம் நெருங்கும்போது கணக்குகள் இடித்தன. ஒரு கதையில் இவர் அப்படி, இன்னொன்றில் இப்படி. 1985-86-இல் டிசி நிறுவனம் பன்னிரண்டு இதழ்களில் பல உலகங்களை அழித்து ஒன்றாக்கி, பழைய கதைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று புதிதாக விதித்தது. நடக்காத கதை என்று ஒன்று ஆகிவிட்டால், அதைப் படித்தவனின் நாட்கள் என்னாகும்? அவனும் அந்த நாளில் இல்லையா?

பெயரிலேயே இன்னொரு சிக்கல். ராணி காமிக்ஸ் 1984-இல் தொடங்கி 2005 வரை வந்தது. 1990-களில் அவர்கள் வேதாளரைப் போட்டபோது வைத்த பெயர் 'மாயாவி'. எங்கள் வீட்டிலோ மாயாவி என்றால் மாமாவின் இரும்புக்கை மாயாவி. ஆக இரண்டு மாயாவிகள், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நான் படித்த முதல் காமிக்ஸ் ராணி மாயாவியா முத்து மாயாவியா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாத புத்தகம் அது. அட்டை இல்லை. சுரங்கத்துக்குள் ஒருவன் ஓடுகிறான், அவ்வளவுதான் நினைவு.

மாமாவின் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு சேகரிப்பாளர் வந்தார். விருதுநகர்க்காரர், நல்ல மனுசர், தெரியாத விஷயமில்லை. 2012-இல் லயனும் முத்தும் வண்ணத்தில், வழவழப்புத் தாளில் மறுவடிவம் எடுத்தபின் சிறுவயது வாசகர்கள் பலர் நாற்பது வயதில் திரும்ப வந்தார்கள். அவரும் அப்படி வந்தவர். அவர் கட்சி தெளிவானது. மூல மொழியில் வந்த வரிசையே சரியான வரிசை. "தமிழ்ல வந்தது பூரா முன்னுக்குப் பின்னா வந்தது சார். நாமதான் நேராக்கணும்."

தன் வாதத்துக்கு அவர் காட்டிய சான்று எளிதில் தள்ளக்கூடியதல்ல. அது 'இரத்தப் படலம்'. ஜான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியத் தொடர், 1984-இல் தொடங்கியது. நினைவு தப்பிக் கரையொதுங்கிய ஒருவன், தோளில் பதின்மூன்று என்று ரோமன் எண்ணில் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்று தேடிப் போகிறான். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெயர் கிடைக்கிறது, அடுத்த பாகத்தில் அது பொய்யாகிறது. லயனில் இது 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி வருஷக்கணக்கான இடைவெளிகளோடு வந்தது. ஒரு பாகம் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தவன் அடுத்த பாகத்தைக் கல்யாணமானபின் படித்தான். வாசகர்களின் நெடுநாள் கேட்பின் பேரில் 2010-இல் பதினெட்டுப் பாகங்கள் ஒரே தடிப் புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தன, 2018-இல் வண்ணத்தில். இந்தக் கதையை மாற்றிப் படித்தால் கதையே இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நினைவை இழந்தவனின் கதையை முன்பாகம் மறந்துபோன நிலையில், பாதி நினைவோடு படித்த வாசகன் அந்த நாயகனுக்குப் பக்கத்தில் இருந்தானா, அல்லது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்தத்தையும் படித்து முடிக்கிறவனா? விருதுநகர்க்காரர் சிரித்தார். "இதெல்லாம் பேச நல்லாருக்கும் சார்."

ஸ்பைடர் விஷயத்தில் அவரும் நானும் ஒத்துப்போனோம், ஆனால் வேறு வேறு காரணங்களுக்காக. 1965-இல் 'லயன்' என்கிற பிரிட்டிஷ் வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய வந்த ஸ்பைடர், குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக ஆசைப்பட்டவன். பிறகு அந்தத் தொடரை எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். போகப்போக ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கினான். 1984 ஜூலையில் மாடஸ்டியோடு தொடங்கிய நம் லயன் காமிக்ஸ் அதே ஆண்டு 'எத்தனுக்கு எத்தன்' கதையில் ஸ்பைடரைக் கொண்டுவந்தது. எங்களூர்ப் பையன்கள் ஸ்பைடரை நேசித்தது அவன் கெட்டவனாக இருந்ததால்தான். போலீசை ஏமாற்றுகிறவன், அகம்பாவம் பிடித்தவன். அவன் திருந்திய கதைகள் முதலில் கைக்கு வந்திருந்தால் இவ்வளவு பாசம் வந்திருக்காது. மதுரை வீரனைக் கும்பிடுகிற ஊரில், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் சாமியாகிற ஊரில், குற்றவாளி நாயகனாவதில் அதிசயம் என்ன?

வரிசை பற்றிய விவாதம் மதுரைக்குப் புதிதல்ல. சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களைவிட நீண்ட தொடர்கதை இந்த வட்டாரத்தில் எது? தோற்றம் மாற்றி மாற்றி வருகிற ஒரு நாயகன். விறகு வெட்டி, வளையல் செட்டி, மண் சுமக்கிற கூலி. சக்தியை மறைத்துவைத்து நெருக்கடியில் வெளிக்காட்டுபவன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். நான் சொல்வது கதையமைப்பைப் பற்றி மட்டும்.

இந்த அறுபத்து நான்குக்கு நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் பெரும்பற்றப்புலியூர் நம்பியுடையது முந்தியது, பரஞ்சோதி முனிவருடையது பிந்தியது. இரண்டிலும் கதைகளின் வரிசை வேறு வேறு. பரஞ்சோதியார் பாண்டிய மன்னர்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி, ஒவ்வொரு விளையாடலையும் ஒரு மன்னனின் ஆட்சியில் பொருத்தினார். மதுரைக் காண்டம் பதினெட்டு, கூடற் காண்டம் முப்பது, திருவாலவாய்க் காண்டம் பதினாறு. இதுதான் நாயகனின் வாழ்க்கை வரிசை. சிதறிக் கிடந்ததைச் சீராக்கியது. அச்சில் நிலைபெற்றதும் இதுவே.

சீராக்கும்போது என்ன நடக்கிறது? பரஞ்சோதியில் மாணிக்கவாசகர் கதை 58 முதல் 61 வரை. ஞானசம்பந்தர் பாண்டியனின் சுரம் தீர்ப்பது 62, சமணரைக் கழுவேற்றுவது 63. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. மாணிக்கவாசகர் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. அதாவது பின்னால் வந்தவர் முன்னாலும் முன்னால் வந்தவர் பின்னாலும். இது எழுத்துப்பிழை போன்ற தவறல்ல என்றே நினைக்கிறேன். நரி பரியாவதையும் பிட்டுக்கு மண் சுமப்பதையும் படித்துச் சிரித்து, கண்கலங்கி வருகிற வாசகன், கடைசிக்கு முந்தின படலத்தில் கழுமரத்தின் முன் வந்து நிற்கிறான். முழுத் தொடரும் அதை நோக்கித்தான் நடந்ததுபோல ஆகிவிடுகிறது. வேறு வரிசையில் அதுவும் பல கதைகளில் ஒன்றாகவே கடந்துபோயிருக்கும். கதையில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் வரிசையால் மட்டும் ஒரு கருத்தை நிறுவிவிட முடியும்.

மூன்றாவது வரிசை ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதவில்லை. ஆவணி மூலத் திருவிழாவின் வரிசை. முதல்நாள் கருங்குருவிக்கு உபதேசம், பிறகு நாரைக்கு முத்தி, மாணிக்கம் விற்றது, தருமிக்குப் பொற்கிழி, உலவாக்கோட்டை, பாணனுக்காக அங்கம் வெட்டியது, வளையல் விற்றது, நரி பரி, பிட்டு, கடைசியில் விறகு விற்றது. பரஞ்சோதியின் எண்களைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 47, 48, 17, 52, 38, 27, 32, 59, 61, 41. எந்தச் சேகரிப்பாளரும் மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் பிட்டுத் திருவிழாவுக்கு ஆரப்பாளையம் பக்கம் கூடுகிற ஜனத்தில் ஒருவர்கூட இது அறுபத்தொன்றாச்சே, நடுவில் உள்ளதெல்லாம் எங்கே என்று கேட்டதில்லை. கழுவேற்றம் இந்தப் பத்தில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏட்டின் வரிசை ராஜாக்களை எண்ணுகிறது. தெருவின் வரிசையில் குருவி, நாரை, வளையல், பிட்டு, விறகு.

லீ ஃபாக்குக்கு இந்தத் தெரு புத்தி இருந்தது. பல வேதாளர் கதைகளின் தொடக்கத்தில், தாமதமாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக என்று முன்கதையை நாலைந்து கட்டங்களில் திரும்பச் சொல்லிவிடுவார். கரையொதுங்கியவன், மண்டையோட்டின் மீது சத்தியம், தலைமுறைகள். அவ்வளவு போதும், உள்ளே வா. வாசகன் எப்போதுமே தாமதமாகத்தான் வருவான் என்பதை ஒத்துக்கொண்டு எழுதியவர். கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த அழகரையே ஆற்றில் இறங்கி எதிர்கொள்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா.

இனி மாமாவின் புத்தகங்கள்.

ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் நீல மையில் ஓர் எண், தேதி, வாங்கிய இடம், விலை. முதல் எண்ணின் தேதி 1974 தீபாவளிக்கு மறுநாள், அப்போது அவருக்குப் பதினாலு வயசு. கடைசி எண் 163, 2004. நடுவில் 32 இல்லை. இரவல் போனவை திரும்பி வரவில்லை. 'பெரியார் நிலையம் கடை', 'சிம்மக்கல் பழசு', 'திலகர் திடல் ஞாயிறு', 'ரயிலில் ஒருவரிடம்' என்று இடங்கள். 1978-க்குப் பிறகு தேதிகள் பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில் விழுகின்றன. ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், சம்பளத் தேதி அது. 61-ஆம் எண் 1981 டிசம்பர். 62-ஆம் எண் 1983 மே. முதலில் இதைப் பதிப்பாளர் தரப்பு இடைவெளி என்றே எண்ணினேன். அத்தைதான் சொன்னார். "மில்ல மூடிட்டாகல்ல. அந்த ஒண்ணரை வருஷம் கொத்து வேலைக்குப் போனாரு. கைபூரா சுண்ணாம்பு வெந்து கெடக்கும். புஸ்தகமாவது ஒண்ணாவது." திறந்தபின் வாங்கிய 62-ஆம் புத்தகத்தின் விலைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

எண்ணுக்குப் பக்கத்தில் சில புத்தகங்களில் பென்சில் புள்ளிகள் இருந்தன. இதை அம்மா விளக்கினார். அம்மா மாமாவுக்குத் தங்கை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வாடகைப் புத்தகக் கடைக்குப் பெண்பிள்ளை போக முடியாத காலம். "அண்ணன் படிச்சிட்டு ஒரு புள்ளி வச்சுத் தரும். நான் முடிச்சிட்டு இன்னொரு புள்ளி வப்பேன். அடுப்படியில உக்காந்து படிக்கறது. மாயாவிக்கு ஷாக் அடிச்சாத்தானே மறையுவாரு, அப்பல்லாம் நம்ம வீட்டுல கரண்டே கெடையாது" என்று சிரித்தார். இரட்டைப் புள்ளி 94-ஆம் எண்ணோடு நிற்கிறது. 1986. அந்த வருஷம்தான் அம்மாவுக்குக் கல்யாணம். 141-க்குமேல் மறுபடி இரட்டைப் புள்ளி வருகிறது, கோணலாக. அது நான் வைத்தது.

மூல வரிசையில் அடுக்கினால் இந்தத் தேதிகள் கலைந்துபோகும். ஒன்றரை வருஷப் பட்டினி எந்த இரண்டு புத்தகத்துக்கு நடுவில் இருக்கிறது என்பது காணாமல் போகும். பதிப்பு வரிசையில் அடுக்கினாலும் அதேதான், ஏனென்றால் பழசில் வாங்கியது பாதி. ஆகவே மாமாவின் எண் வரிசைதான் என்று முடிவு செய்தேன். இதைத் தனிமனித உணர்ச்சி என்று ஒதுக்கலாம். ஆனால் ஒரு மில் தொழிலாளியின் முப்பது வருஷ வாசிப்பு இப்படித் தேதிபோட்டு வேறு எங்கே கிடைக்கிறது? நம் இலக்கிய வரலாறுகள் எழுதியவனுக்குத் தேதி வைத்திருக்கின்றன, படித்தவனுக்கு வைக்கவில்லை.

முடிவு செய்வது எனக்கு எளிதாக இருந்தது, என் வீட்டுக் கூரை ஒழுகவில்லை. அத்தை கேட்டார், "அந்த விருதுநகர்க்காரரு என்ன தாரேன்னாரு?" சொன்னேன். பேசாமல் மேலே ஓட்டைப் பார்த்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் பின்கட்டில் ஓடு மாற்றியாக வேண்டும். வரிசை, வரலாறு என்று அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. பழைய முத்து இதழ்களில் பதினொன்றைக் கொடுப்பது என்று ஆனது. சேகரிப்பாளர் உள்ளட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலையைக் கொஞ்சம் குறைத்தார். "எழுத்து இருக்கு சார். மையால வேற எழுதிருக்கு. சுத்தமா இருந்தா இன்னும் போகும்." அவர்மேல் வருத்தமில்லை, சந்தையில் அப்படித்தான். கொடுப்பதற்கு முன் பதினோரு உள்ளட்டைகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

படிப்பகத்தில் இப்போது 120 புத்தகங்கள் இருக்கின்றன. விற்ற பதினொன்றின் இடத்தில் எண்ணெழுதிய அட்டைகள். மாமா காலத்திலேயே தொலைந்த முப்பத்திரண்டுக்கும் அட்டை வைக்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள், வைத்தோம். தொடர்ச்சியாக அட்டைகளே வருகிற ஒரு பகுதி இருக்கிறது, 70-லிருந்து 76 வரை. யாருக்கு மொத்தமாகக் கொடுத்தார் என்று அத்தைக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

விற்றதில் முதல் எண்ணும் அடக்கம். அதனால் எல்லோரும் இரண்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, ஒண்ணு எங்க?" "விருதுநகர்ல இருக்கு." "அப்ப முதல்ல என்ன நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" உட்காரச் சொல்லி, கை போனதிலிருந்து ஆரம்பித்து நினைவிலிருந்து சொன்னேன். பாதியில் ஒரு சுரங்கம் வந்தது. அது அந்த மாயாவி கதையில்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் அதற்குள் மூன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.